ஏர் பிஸ்டலின் வேகத்தை அளப்பது எப்படி: தோப்பில் குரோனோகிராஃப் வைக்கும் புதியவர்களுக்கு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதிலிருந்து, பாலக்காட்டின் தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து பிஸ்டலைப் பற்றிக் கேட்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, இது எவ்வளவு ஸ்பீடு போகும்?" பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிச் சொல்வதைவிட, நாமே அளந்து பார்ப்பது நல்லது. அதற்கான கருவிதான் குரோனோகிராஃப். ஆனால் அதிக வேகம் காட்டுகிற பெல்லட்டை (ஏர் கன்னில் போடும் சின்ன ஈயக் குண்டை)க் கண்டுபிடிப்பதற்காக அதை வாங்காதீர்கள். பத்து முறை சுட்டால் பத்தும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகிறதா, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலையெல்லாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஈயம் உருக்கி அச்சில் வார்த்து, வீட்டிலேயே கைத்துப்பாக்கித் தோட்டா கட்டி, குரோனோகிராஃபில் சுட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் சிலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வீட்டுக் கொல்லைப்புறத்தில் செய்து பார்க்கிற வேலை அல்ல அது. அந்த வீடியோக்களில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அளக்கும் ஒழுங்கை மட்டும்தான். அந்த ஒழுங்கு 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் அப்படியே பொருந்தும்.

ஏர் கன்னுக்கும் எல்லை உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, வாய்முனை ஆற்றல், அதாவது பேரலை (குழலை) விட்டு வெளியேறும்போது பெல்லட்டுக்கு இருக்கும் ஆற்றல், 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ, பேரலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ உரிமம் வேண்டும். துளையை வாங்கும்போதே பார்த்துவிடலாம். ஆற்றலை அளந்தால்தான் தெரியும். கணக்கு எளிது: பெல்லட்டின் எடையைக் கிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 2000ஆல் வகுக்க வேண்டும். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 150 மீட்டர் போனால் ஏறத்தாழ 6 ஜூல். போட்டிப் பிஸ்டல்கள் இந்த அளவில்தான் இருக்கும். அதே பெல்லட் 275 மீட்டர் போனால் 20 ஜூல் அளவைத் தொட்டுவிடும். விளம்பரத்தில் "1000 எஃப்.பி.எஸ்." என்று போட்டிருப்பார்கள், அதாவது வினாடிக்கு 1000 அடி, 305 மீட்டர். அந்த எண் பெரும்பாலும் மிக இலேசான பெல்லட்டை வைத்து எடுத்தது. கனமான பெல்லட் போட்டால் வேகம் குறையும், ஆற்றல் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சக்திவாய்ந்த ரைஃபிள் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

இன்னொன்று. தோப்புக்கு மயில் வருகிறது, குரங்கு தேங்காயைப் பறிக்கிறது, ஒரு அடி அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. எந்தப் பறவையையும் விலங்கையும் நோக்கி இந்தக் குழல் திரும்பக் கூடாது. இதில் சம்மதம் இல்லாதவர்களுக்கு மேற்கொண்டு சொல்லித்தர எனக்கு மனமில்லை.

என்னென்ன வேண்டும்

குரோனோகிராஃபில் மூன்று வகை கிடைக்கிறது. ஒன்று, ஸ்டாண்டில் வைப்பது: முன்னும் பின்னும் இரண்டு ஒளி உணரிகள் மேலே பார்த்தபடி இருக்கும். பெல்லட்டின் நிழல் முதல் கண்ணைக் கடந்து இரண்டாவது கண்ணை எட்ட எடுக்கும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லும். இரண்டாவது, பேரல் முனையில் மாட்டுவது: உள்ளே அகச்சிவப்பு விளக்கு வைத்திருப்பதால் வெளி வெளிச்சம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. மூன்றாவது ரேடார் வகை, விலை அதிகம். ஏர் பிஸ்டல் மட்டும் பழகுகிறவருக்கு இரண்டாவது வகையே போதும். அது உங்கள் பேரலில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோணலாக மாட்டினால் பெல்லட் கருவியின் உட்சுவரில் உரசும். முதல் வகையைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்கிறேன். பலர் வாங்குவது அதைத்தான், தவறான எண் காட்டுவதும் அதுதான்.

அப்புறம், மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று. நகை, கற்கள் நிறுக்க வைத்திருப்பார்களே, அந்த வகை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, சுடுகிறவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து. கோடு போட்ட நோட்டு ஒன்று. ஒரு வெப்பமானி. பெல்லட்டை நிறுத்த ஒரு மரப்பெட்டி: பின்பக்கம் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, முன்னால் பழைய சேலை, சாக்கு எல்லாம் இறுக்கமாக அடைத்தது. வெறும் கல் சுவரையோ தென்னை மரத்தையோ நோக்கிச் சுடாதீர்கள். ஈயம் தெறித்துத் திரும்பி வரும். பெட்டிக்குப் பின்னால் வீடு, வரப்பு, ஆள் நடக்கும் தடம் எதுவும் இருக்கக் கூடாது.

இடமும் வெளிச்சமும்

இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். தென்னந்தோப்பு நிழல் குளுமையாக இருக்கிறது என்று அங்கேயே ஸ்டாண்டை நடுவார்கள். மட்டை அசைய அசைய, வெயிலும் நிழலும் உணரியின் மேல் மாறி மாறி விழும். உணரிக்கு அதுவும் பெல்லட்டின் நிழலும் ஒன்றுதான். சுடாமலே ஒரு எண் காட்டும், சுட்டால் காட்டாது, இல்லையென்றால் 150 வர வேண்டிய இடத்தில் 410 என்று வரும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

ஸ்டாண்ட் வகைக்கு வேண்டியது ஒரே சீரான வெளிச்சம். மேகம் மூடிய வானம் மிக நல்லது. வெயில் நேரமாக இருந்தால், உணரிகளுக்கு மேலே, கருவியோடு வரும், வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும் வெள்ளைத் தகடுகளைக் கட்டாயம் மாட்டுங்கள். அவை தொலைந்திருந்தால் மெல்லிய வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாலும் வேலை நடக்கும். மாலை நாலரைக்கு மேல் வெயில் சாய்ந்து விழும்போது, பளபளக்கும் புதுப் பெல்லட்டின் அடிப்பக்கத்தில் ஒளி பட்டு, நிழல் மங்கிவிடும். அப்போது பெல்லட்டின் தலையில் கறுப்பு மார்க்கரால் ஒரு தீற்று தீற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

வீட்டுக்குள் வைத்து அளப்பவர்களுக்கு வேறு தொந்தரவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, உணரிக்குத் தெரியும். பழைய குண்டு பல்பு இரண்டைத் தகடுகளுக்கு மேலே தொங்கவிடுங்கள், இல்லையென்றால் கருவியோடு வரும் விளக்குகளைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காஞ்சிக்கோட்டிலும் அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டையிலும் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். பேரல் முனையிலிருந்து ஒரு மீட்டருக்குள் அளக்கும்போது பெல்லட்டின் வேகத்தைக் காற்று பெரிதாக மாற்றாது. ஆனால் ஸ்டாண்டை ஆட்டும், தகடுகளைப் படபடக்க வைக்கும், எண் கலங்கும். ஸ்டாண்டின் நடுவில் ஒரு பை மணலைக் கட்டித் தொங்கவிடுங்கள். முடிந்தால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடித்துவிடுங்கள். காற்று அடங்கியிருக்கும், வெளிச்சமும் பரவலாக இருக்கும்.

முதல் உணரிக்கும் பேரல் முனைக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் விடுங்கள். மிக அருகில் வைத்தால் பேரலிலிருந்து பீறிடும் காற்றே உணரியைத் தூண்டும். எந்தத் தூரம் வைத்தாலும் அதை டேப்பால் அளந்து நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் வையுங்கள். பெல்லட் போகும் பாதை கருவிக்கு இணையாக இருக்க வேண்டும். 5 டிகிரி சாய்ந்தால் வேகம் 0.4 சதவீதம் குறைவாகக் காட்டும். அது சிறிய பிழை. ஒரு முறை சாய்த்தும் ஒரு முறை நேராகவும் சுட்டால்தான் வினை. பேரலின் உயரத்திலேயே ஒரு நூலைக் கருவிக்கு மேலாகப் பெட்டிவரை இழுத்துக் கட்டிப் பார்த்துவிட்டு, சுடும் முன் நூலை எடுத்துவிடுங்கள்.

பெல்லட்

ஒரே டப்பாவில் இருக்கும் பெல்லட் எல்லாம் ஒன்றுபோல இருக்காது. ஐம்பது பெல்லட்டை நிறுத்துப் பாருங்கள். மலிவான டப்பாவில் எடை முன்னும் பின்னும் சிதறிக் கிடக்கும், போட்டித் தரத்தில் நெருக்கமாக இருக்கும். ஒரே எடையுள்ளவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் பிரித்துவையுங்கள். நசுங்கிய பாவாடை உள்ளதைத் தூக்கிப் போடுங்கள். பெல்லட்டின் பின்பக்கம் விரிந்திருக்கும் அந்தப் பாவாடைதான் காற்றைத் தப்பவிடாமல் அடைக்கிறது. அது கோணலாக இருந்தால் எடை எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. நல்ல டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டமும் அச்சிட்டிருக்கும். உங்கள் பேரலுக்கு எது ஒத்துவரும் என்பதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். காகிதத்தில் சுடுவதற்குத் தட்டைத் தலைப் பெல்லட்டே வாங்குங்கள், ஓட்டை வட்டமாக, சுத்தமாக விழும்.

இவை ஈயம். தொட்ட கையோடு முறுக்கு எடுத்து வாயில் போடாதீர்கள், பெல்லட்டைப் பல்லில் கடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கையைக் கழுவுங்கள். பெட்டியில் சேர்ந்த ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கவே கூடாது. சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் ஈயத்தூசி போகும் வழியைப் பற்றி இரட்டிப்புக் கவனம் வேண்டும். சுட்ட சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்வது இதனால்தான்.

சுடும் முறை

முதலில் ஐந்து பெல்லட்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். துடைத்து எண்ணெய் காட்டிய பேரல் சமநிலைக்கு வர அவை தேவை. அதன்பின் பத்து. ஒவ்வொன்றையும் கருவி காட்டியபடியே எழுதுங்கள், கேவலமாக இருக்கிறதென்று எதையும் விடாதீர்கள். கருவியே தவறியது என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும், அதாவது 410 போல நடக்க முடியாத எண் வந்தால், பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இன்னொன்று சுடுங்கள். 144 என்று வந்தது பிடிக்கவில்லை என்பதற்காக அடிக்கக் கூடாது. அந்த 144தான் ஏதோ சொல்ல வருகிறது.

இரண்டு சுடுதலுக்கு இடையே ஒரே அளவு நேரம் விடுங்கள், அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பெல்லட்டை ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு, ஒரே விரலால் அழுத்துங்கள். மடக்கும் பேரல் கன்னில் (பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை) பெல்லட் போடும்போது பேரலை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே போடுங்கள், விட்டுவிட்டால் விரல் போய்விடும். ஸ்பிரிங் கன்னைப் பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள். பிஸ்டன் சிலிண்டர் முனையில் மோதிக் கெடும்.

இனி கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம்: 148, 150, 151, 149, 150, 152, 149, 150, 148, 153. கூட்டினால் 1500, சராசரி 150. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளி 5. வேகங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் அளவுதான் திட்ட விலக்கம். அதற்கு, ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து வர்க்கப்படுத்திக் கூட்டினால் 24 வரும், 9ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.6. ஃபோனில் இருக்கும் விரிதாள் இதை ஒரு நொடியில் போட்டுவிடும். ஆனாலும் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள், எண் எங்கிருந்து வருகிறது என்று புரியும். இடைவெளியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஐந்தே ஐந்து சுட்டால் இடைவெளி தானாகவே சிறியதாகத் தெரியும். இரண்டு டப்பாவை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே எண்ணிக்கை சுடுங்கள்.

எண்கள் சொல்வது

ஸ்பிரிங் கன்னில் முதல் சில டஜன் சுடுதலுக்கு வேகம் கூடுதலாக, தாறுமாறாக இருந்து, புகையும் கருகிய வாடையும் வந்தால், சிலிண்டருக்குள் உள்ள எண்ணெய் அழுத்தத்தில் எரிகிறது. புதுக் கன்னில் இது தானே அடங்கும். வேகம் கூடுகிறதே என்று சந்தோஷப்பட்டு மேலும் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், வாஷரும் ஸ்பிரிங்கும் அதில்தான் அழியும். மாறாக, பல மாதமாகச் சீராக இருந்த கன்னில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் பிஸ்டன் வாஷரோ பேரல் மூட்டு வாஷரோ தேய்ந்திருக்கும். மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை வைத்துச் சுடச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், காகிதம் துள்ளினால் காற்று அங்கேதான் கசிகிறது.

12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் பிஸ்டல்களில் வெயில்தான் எஜமான். 20 டிகிரியில் குப்பிக்குள் அழுத்தம் சுமார் 57 பார், 30 டிகிரியில் 72 பார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பங்குனி வெயிலில் மதியம் எடுத்த எண்ணையும் மார்கழிக் காலையில் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டால் வேறு வேறு பிஸ்டல் போலத் தெரியும். வெப்பமானி கேட்டது இதற்குத்தான். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் குப்பி குளிர்ந்து வேகம் படிப்படியாக இறங்கும். ஒரு நிமிடம் விட்டால் திரும்ப ஏறும். இந்தக் குப்பிகளை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போட்டிக்குரிய அழுத்தக்காற்றுப் பிஸ்டல்களில் சிலிண்டரை 200 பார் வரை நிரப்புவார்கள். ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை விடும் பாகமான ரெகுலேட்டர் நன்றாக இருந்தால், சிலிண்டர் இறங்க இறங்க வேகம் மாறாமல் இருந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு சட்டென்று விழத் தொடங்கும். அந்தக் கட்டம் எத்தனை பாரில் வருகிறது என்று ஒரு முழுச் சிலிண்டரையும் சுட்டுக் கண்டுபிடியுங்கள். போட்டிக்குப் போகும்போது அதற்கு மேலேயே இருக்கும்படி நிரப்பிக்கொண்டு போகலாம். நாளுக்குநாள் முதல் சுடுதல் மட்டும் அதிகமாகக் காட்டினால், ரெகுலேட்டர் மெதுவாகக் கசிந்து அழுத்தம் ஏறுகிறது. பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், நீங்களே திறக்க வேண்டாம். நிரப்புவது உலர்ந்த சுவாசக் காற்றாக மட்டுமே இருக்க வேண்டும். ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பக் கூடாது, உள்ளே உள்ள கிரீஸோடு சேர்ந்து வெடிக்கும். சிலிண்டரில் பொறித்த காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் என்ன ஆகிறது

கருவியில் நல்ல எண் காட்டிய பெல்லட், காகிதத்தில் நல்ல கூட்டமாக விழும் என்று உறுதி இல்லை. இதை எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். வேக வேறுபாடு என்ன செய்யும் என்று பாருங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 10 மீட்டரில் 150 மீட்டர் வேகப் பெல்லட் சுமார் 21.8 மில்லிமீட்டர் இறங்கும், 145இல் 23.3. ஆக 5 மீட்டர் வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டர் மேல்கீழாக மாறும். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து வளையம் 11.5 மில்லிமீட்டர் அகலம், அதனால் பிஸ்டல் பழகுகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ரைஃபிள் இலக்கின் பத்து வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி. ரைஃபிள்காரருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பதே தசமப் புள்ளிகளில் பெரிய இழப்பு.

அதனால் வேகம் நெருக்கமாக வந்த இரண்டு மூன்று பெல்லட் வகைகளைத் தேர்ந்து, 10 மீட்டரில் மேசையில் மணல் மூட்டை மேல் ஊன்றி, ஒவ்வொன்றிலும் பத்து சுடுங்கள். ஓட்டைகள் மேல்கீழாக மட்டும் நீண்டிருந்தால் வேகச் சிதறலைச் சந்தேகப்படுங்கள். எல்லாப் பக்கமும் சிதறினால் தலை விட்டமோ பேரலின் முனையோ காரணமாக இருக்கும். இடது வலதாக மட்டும் சிதறினால் பெரும்பாலும் விசை இழுக்கும் விரல்தான், கருவியால் அதற்கு உதவ முடியாது.

நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், வெப்பம், பெல்லட் பெயர், டப்பாவின் தொகுப்பு எண், தலை விட்டம், எடை, சிலிண்டர் அழுத்தம், தூரம், பத்து வேகங்கள், அப்புறம் அந்த இலக்குக் காகிதத்தையே மடித்து ஒட்டிவிடுங்கள். வாஷர் மாற்றினாலோ புதுத் தொகுப்பு டப்பா திறந்தாலோ மறுபடி அளங்கள். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பயிற்சிக்குக் கொண்டுபோகும்போது, பெல்லட் இல்லாமல், பெட்டியில் பூட்டி, வாங்கிய ரசீதின் நகலும் அடையாள அட்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வேலந்தாவளத்திலோ வாளையாரிலோ எல்லைச் சோதனையில் நிறுத்திக் கேட்டால், பெட்டியை நீங்களாகத் திறக்காமல், உள்ளே இருப்பதை முதலில் வாயால் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்ன பிறகு திறந்து காட்டுங்கள்.